கண்ணில் விழாத தூசி

எங்கள் வீட்டில் படம் பார்ப்பதென்றால் ரிமோட் என் கையில்தான் இருக்கும். குடிக்கிற காட்சி வந்தால் தொலைக்காட்சியில் போத்தலை மங்கலாக்கிவிடுவார்கள். எனக்கு அது போதாது. மங்கலுக்குப் பின்னால் இருப்பது என்னவென்று என் கணவருக்குத் தெரியாதா? சட்டென்று வேறு சேனலுக்கு மாற்றிவிடுவேன். அவர் குடியை விட்ட நாளிலிருந்து இதுதான் நடைமுறை. கதை பாதியில் அறுந்ததும் எழும்பிப் போய்விடுவார்.

எனக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. அது அவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். வாவியில் பிடித்த மீனை விற்றுவிட்டு அவர் வரும்போது வாசலிலேயே மறிப்பேன். "கண்ணுக்க தூசி விழுந்திட்டு, ஒருக்கா ஊதி விடுங்க" என்பேன். இமையைப் பிரித்து ஊதுவார். அந்த மூச்சில் சாராயம் மணக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். தினமும் தூசி விழுந்தால் சந்தேகம் வருமே என்று சில நாள் கேட்காமல் விடுவேன். அந்த நாட்களில் எனக்கு நித்திரை வராது.

குடியை விட்டவர்கள் தன்னாமுனைப் பக்கம் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமைகளில் கூடுவார்கள். ஒரு தடவை மனைவிமாரையும் கூட்டிவரச் சொன்னார்கள். படம் போடப் போகிறார்களாம், அதுவும் ஒரு குடிகாரனின் கதையாம். கேட்டதும் நான் தடுத்துப் பார்த்தேன்.

"விட்ட ஆக்களுக்குப் போத்தலக் காட்டினா நல்லாவா இரிக்கும்?"

"வாவன் புள்ள, எல்லாரும்தான் வாறாங்க" என்றார்.

சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். சுவரில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். ஏதோ வேற்று மொழிப் படம், கீழே தமிழில் எழுத்து ஓடியது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரு வரியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அதனால் முகங்களைப் பார்த்தேன். திரையில் இருந்த முகங்களைவிட அவருடைய முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். இங்கே போத்தலை யாரும் மங்கலாக்கவில்லை, ரிமோட்டும் என்னிடம் இல்லை.

ஆனால் ஆண்கள் சிரித்தார்கள்.

"டேய், இவன் சோடாவக் குடிச்சிட்டு ஆடுறான்!"

"வெறிகாரன் இப்பிடியா விழுவான்? எங்களக் கேட்டிருந்தா விழுந்து காட்டியிருப்பமே!"

"நீ மாட்டுப்பட்டிக்க விழுந்தத ஊரே பார்த்திச்சே."

"சாணியும் மெத்தைதான் மச்சான்."

அவரும் சிரித்தார். எனக்குப் போன உயிர் கொஞ்சம் திரும்பி வந்தது.

பிறகு கதையில் அந்த மனிதன் குடியை விட்டுவிடுகிறான். வேலை முடிந்து வருகிறான். கழுவப் போடுவதாகச் சொல்லி மனைவி அவனுடைய சட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போகிறாள். யாரும் பார்க்கவில்லையென்று நினைத்து, சட்டையை மூக்கில் வைத்து மணக்கிறாள். அவன் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

மண்டபத்தில் சிரிப்பு நின்றது. முன்னால் இருந்த ஒருவர் எழும்பி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனார். பெண்கள் குனிந்துகொண்டோம். என் கணவர் மெல்லத் திரும்பி என் கண்ணைப் பார்த்தார்.

படம் முடிந்ததும் "நீ பஸ்ஸில போ, நான் மறுகா வாறன்" என்று சைக்கிளை எடுத்தார். அவர் போன பாதையில்தான் சாராயம் விற்கிற தவறணை இருக்கிறது. பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன்.

விளக்கு வைக்கிற நேரம் வந்து சேர்ந்தார். சைக்கிளை நேராகத்தான் நிறுத்தினார். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. குடித்த காலத்திலும் சைக்கிளை நேராகத்தான் நிறுத்துவார். வாசலில் நின்றேன். எப்போதும் சொல்கிற பொய்யை அன்று சொல்லவில்லை.

"என்ன, இண்டைக்குத் தூசி விழல்லியா?"

நான் வழியை விட்டு விலகினேன்.

"தவறண வாசல் மட்டும் போனன். உள்ளுக்குப் போகல்ல, கிறுகி வந்திட்டன்" என்றார். "நம்புறியா?"

நம்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் கிட்ட வந்து என் இமையைப் பிரித்தார். ஊதினார். வெறும் தேத்தண்ணி மணம். மற்றக் கண்ணிலும் ஊதினார்.

"நாளைக்கும் ஊதுறன். நீ பொய் சொல்லத் தேவல்ல."

அன்றிலிருந்து நான் கேட்பதில்லை. முன்பு யுத்த காலத்தில் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டியது போல, வாசலில் நின்று முகத்தை நீட்டுகிறார். வேண்டாம், விடுங்கள் என்று சொல்லத்தான் ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். ஆனால் சைக்கிள் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்து, கண்ணைத் திறந்துகொண்டு நிற்கிறேன்.