சவரிமுத்துவின் தொண்டை

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். பொறுத்துக்கொண்டு படியுங்கள். நீங்கள் ஒருவராவது படித்தே ஆக வேண்டும்!

என் தங்கை கணவன் சவரிமுத்துவை நான் பொய் சொல்லிக் கெடுத்தேன். ஒரே ஒரு சொல்... அதுவே போதுமாயிருந்தது.

மர்பி டவுனில் எங்கள் கோவிலுக்கு நான் கோவில்பிள்ளை. மணி அடிப்பேன், மெழுகுவர்த்தி ஏற்றுவேன், பூசையில் நன்மை, அதாவது ஆண்டவரின் உடலான அப்பம், வாங்குகிறவர்களின் முகவாய்க்குக் கீழே தட்டுப் பிடிப்பேன். முகங்களைப் பார்க்க எனக்குக் கூச்சம். அதனால் தொண்டைகளைப் பார்ப்பேன். இருபது வருடமாகத் தொண்டைகளையே பார்த்தவன்! அப்பத்தைப் பல்லில் படாமல் விழுங்க வேண்டும். முந்தின நாள் நடுநிசி தொட்டு ஒரு சொட்டுத் தண்ணீரும் குடித்திருக்கக் கூடாது. அது எங்கள் சட்டம்.

போன வருடம், ஆண்டவர் உயிர்த்த பாஸ்கா ஞாயிறன்று சவரிமுத்து வந்து முழங்காலிட்டான். சாமியார் அப்பத்தை நாவில் வைத்தார். குரல்வளை ஏறி இறங்கியது... மறுபடியும்... மூன்றாம் தடவையும்! கண்ணில் நீர் முட்டியது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனான். கோவிலே பார்த்தது.

பூசை முடிந்ததும் பின்னறைக்கு வந்து, மடித்த கைக்குட்டையை என்னிடம் நீட்டினான்.

"எறங்கல மச்சான். நெஞ்சுக்குழிகிட்ட நின்னு அப்படியே மேல வந்திடுச்சு. சோறும் இப்படித்தான், தண்ணிய ஊத்தி ஊத்தித் தள்ளணும். சாமிகிட்ட நீயே சொல்லிடு. எனக்குப் பயமா இருக்கு."

"சரி மாப்ளே," என்றேன்.

கைக்குட்டையைத் தண்ணீரில் போட்டேன். அப்பம் கரைந்தது. அதற்கென்று உள்ள குழியில் ஊற்றினேன். சாமியாரிடம் சொல்லவில்லை... வெளியே வந்தேன். மரத்தடியில் ஐந்தாறு ஆண்கள் நின்றார்கள்.

"உன் மாப்ள என்னாப்பா பண்ணான்? நீதானே கிட்ட இருந்தே?"

"ஊமைச்சாமிகிட்ட போய்க் கேக்கறியே! அது வாயத் தொறந்தா மழை வருமே!"

சிரித்தார்கள். பிறகு எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"துப்பிட்டான்," என்றேன்.

சிரிப்பு நின்றது!

"யாரை? ஆண்டவரையா?"

"ஆமா."

என் பேச்சுக்காக ஒரு கூட்டம் மூச்சை அடக்கி நின்றது அதுவே முதல் தடவை. எவ்வளவு இனித்தது தெரியுமா? உங்களிடம் மறைக்கமாட்டேன். இனித்தது!

அந்த வாரமே ஊர் அவனை ஒதுக்கியது. வழியில் கண்டால் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். சாமியார் கூப்பிட்டனுப்பியும் அவன் வெட்கப்பட்டுப் போகவில்லை. வைத்தியரிடம் போகச் சொன்னாலும் கேட்கவில்லை. "ஆண்டவரே எனக்குள்ள வரமாட்டேங்கறாரு. இதுக்கு ஏது மருந்து?" என்றான். ஐந்து மாதத்தில் எலும்பாகிவிட்டான்.

தங்கை மேரி என்னிடம் ஓடி வந்தாள். "அண்ணே, காலைல பாத்தா தலகாணியெல்லாம் சோறு! நேத்துத் தின்னது, புளிக்கக்கூட இல்ல. ஓயாம இருமறாரு. செத்துடுவாருண்ணே!"

அன்றே அவனை ஜட்கா வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"சோறு மட்டும் நிக்குதா, தண்ணியுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"மொதல்லேருந்தே ரெண்டுந்தான் சார். ஏழு வருசமா இருக்கு, இந்த வருசந்தான் ரொம்ப," என்றான் அவன்.

டாக்டர் தலையாட்டினார். புற்றாக இருந்தால் முதலில் சோறு நிற்கும், அப்புறம் கஞ்சி, கடைசியில்தான் தண்ணீர். ஏழு வருடம் விட்டும் வைக்காது என்றார். சுண்ணாம்பு போல வெள்ளைக் கஞ்சி ஒன்றைக் குடிக்கக் கொடுத்து, எக்ஸ்ரே படம் எடுத்துக் காட்டினார். நானும் பார்த்தேன்! மேலே உணவுக்குழாய் ஜட்காக் குதிரையின் கொள்ளுப்பை போல உப்பியிருந்தது. கீழே முள்ளங்கி வால் போல ஒடுங்கியிருந்தது.

"வயித்து வாசல்ல ஒரு தசை இருக்கு. முழுங்கினா தளர்ந்து வழி விடணும். இவனுக்கு விடல. அவ்வளவுதான்."

"அப்போ சாபம் இல்லீங்களா சார்?" என்றான் சவரிமுத்து.

"அது என் படத்துல விழலியேப்பா!"

பாதரசம் நிரப்பிய ரப்பர் குழாய் ஒன்று கொடுத்தார், கட்டைவிரல் கனம். சாப்பாட்டுக்கு முன் நிமிர்ந்து உட்கார்ந்து அதை விழுங்க வேண்டும். தன் பாரத்தாலேயே இறங்கி வாசலைத் தள்ளித் திறக்கும், பிறகு உருவிவிடலாம். சின்னச் சின்னக் கவளம், பின்னோடு தண்ணீர், சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, தலைக்கு உயரம் வேண்டும். தினமும் அவன் குமட்டிக் குமட்டி விழுங்குவான். முகவாய்க்குக் கீழே தட்டுப் பிடித்தவன் நான்தான்!

பதினைந்தாம் நாள் "முத்தெ வேணும்" என்றான். மேரி ராகி முத்தெ கிண்டி, களியை உருண்டை பிடித்தாள். அதையும் மெல்லக் கூடாது. கிள்ளி, கீரைச் சாற்றில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். விழுங்கினான். குரல்வளை ஏறி இறங்கியது. காத்திருந்தோம்...

"எறங்கிடுச்சு! மச்சான், எறங்கிடுச்சு!"

நான் தெருவில் ஓடிக் கத்தினேன். ஊமைச்சாமி கத்தினேன்!

ஆனால் ஊர் என்ன சொல்லிற்று தெரியுமா? "செஞ்ச பாவத்துக்கு அழுதான், ஆண்டவர் தொண்டையத் தொறந்துட்டாரு" என்றது. அந்தப் பாவம் இன்றும் அவன் பெயரில்தான் இருக்கிறது.

"யாரு மச்சான் அப்படிக் கெளப்பி விட்டிருப்பான்?" என்று ஒருநாள் என்னையே கேட்டான்.

"யாருக்குத் தெரியும் மாப்ளே," என்றேன். இது இரண்டாவது பொய்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாம் சொன்னேன். "அடப்பாவி! அன்னிக்கே சொல்லியிருந்தா அப்பத்துல ஒரு துணுக்கைத் தண்ணியில குடுத்திருப்பேனே!" என்றார். "போய் அவன்கிட்ட சொல்லு. அந்த மரத்தடியிலயும் சொல்லு. சொல்லிட்டு வா, மன்னிப்பு அப்புறம்."

சொல்லிவிடத்தான் மூன்று தடவை அவன் வீட்டுக்குப் போனேன். மூன்று தடவையும் முதல் உருண்டையை என் தட்டில்தான் வைத்தான். "நீ இல்லேன்னா நான் ஏது மச்சான்? மொதல்ல நீ தின்னு!" தின்றேன். எனக்கு ஒரு தடங்கலும் இல்லை... வழுக்கிக்கொண்டு இறங்கியது.

இன்று காலையும் தட்டுப் பிடித்தேன். அவனுக்கு ஒரே மடக்கில் இறங்கியது. சொல்லாதவனுக்கு மன்னிப்பு இல்லை, அதனால் நான் வாங்கவில்லை. தட்டுப் பிடிப்பவன் வாங்கினானா என்று யாரும் பார்ப்பதில்லை.

பெரிய வியாழக்கிழமை, 6 ஏப்ரல் 1939.