சலங்கையைத் தின்ற ஹெட்போன்

நடந்தவை, வரிசைப்படி:

1. எட்டு மாதங்களில் அக்காவின் ஹெட்போனை நான்கு முறை பிரித்தேன்.
2. முதல் முறை, தோடு குத்துகிறது என்றாள். காதுத் திண்டுகளைப் புதிதாகத் தைத்தேன்.
3. இரண்டாம் முறை, குடத்துக்குள் உட்கார்ந்து பாடுவது போல இருக்கிறது என்றாள். உள்ளே நுரை ஒட்டினேன்.
4. மூன்றாம் முறை, பாட்டில் வரும் சலங்கை கேட்கவில்லை என்றாள். ஸ்பீக்கருக்கு முன்னால் இருந்த நுரை வட்டத்தை எடுத்தேன்.
5. நான்காம் முறை, இன்னமும் கேட்கவில்லை என்றாள். அதற்கடியில் ஒட்டியிருந்த மெல்லிய துணியையும் உரித்தேன்.
6. ஐந்தாம் முறை ஸ்க்ரூடிரைவரை எடுத்தபோது, முதலில் நானே மாட்டிக் கேட்டேன். சலங்கை ஊசி மாதிரி இறங்கியது. அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை.
7. பழுது ஹெட்போனில் இல்லை. அக்காவின் காதில் இருந்தது.

ஏழாவது வரிக்கு வந்துசேர எனக்கு எட்டு மாதம் பிடித்தது. இத்தனைக்கும் அளந்து பார்ப்பதுதான் என் வேலை. ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் தர ஆய்வகத்தில் இருக்கிறேன். அக்கா அதே சிப்காட்டில், இரண்டு தெரு தள்ளி, இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஒன்பது வருடமாக இருக்கிறாள். ஒப்பந்தத் தொழிலாளி. அரூர் பக்கத்திலிருந்து முதலில் அவள் வந்தாள், டிப்ளமோ முடித்ததும் நான் வந்தேன். மூக்கண்டப்பள்ளியில் ஓர் அறையும் சமையற்கட்டும் உள்ள வீடு. மாடியில் வீட்டுக்கார அம்மா.

அக்காவுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்காருவாள். ஒரு மணி நேரம் அவளிடம் எதுவும் பேசக்கூடாது. சாதாரண ஹெட்போன்தான், வயர் உள்ளது. வாங்கிய முதல் வாரமே குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி, இத மாட்டினா தோடு கழுத்துக்குள்ளாற போயிடும் போல இருக்குது."

"தோட்டக் கழட்டி வெச்சிட்டுக் கேளு."

"கழட்டினா ஓட்ட தூந்துக்கும். நீ தான படிச்சவ, ஹெட்போன சரி பண்ணு. எங் காத சரி பண்ணாத."

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் உதிரிப் பாகங்கள் வெள்ளை நுரைத் தாளில் சுற்றி வரும். குப்பைக்குப் போகிற அந்தத் தாளைக் கேட்டு வாங்கிவந்து, காம்பஸால் வட்டம் போட்டு, நடுவில் காது முழுவதும் நுழைகிற அளவு ஓட்டை வெட்டினேன். மூன்று அடுக்கு. மேலே போர்த்த அக்கா கொண்டுவந்த புதுப் பருத்திக் கையுறையின் உள்ளங்கைப் பகுதி. தலைப்பட்டை இறுக்கியதால் ஐந்து லிட்டர் எண்ணெய் டின் மேல் மாட்டி இரண்டு நாள் விட்டுவைத்தேன். மூன்றாம் நாள் அக்கா தோட்டோடு போட்டுப் பார்த்து, "தலகாணி மாதிரி இருக்குதுடி" என்றாள். அப்படியே தூங்கியும் போனாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்தது, குடத்துக்குள் பாடும் குறை. காதுக்கிண்ணத்தின் பின்பக்கம் வெறும் பிளாஸ்டிக். சத்தம் அதில் முட்டித் திரும்புகிறது. உள்சுவரில் மெத்தென்று எதையாவது ஒட்டினால் அடங்கும். நுரைத் தாள் அதற்கு ஆகாது, இன்னும் மிருதுவாக வேண்டும். உங்கள் கம்பெனியில் நல்ல நுரை கிடைக்குமா என்று அக்காவிடம் கேட்டேன். மறுநாள் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு கைப்பிடி பாக்கெட்டுகளை எடுத்துப் பாயில் கொட்டினாள். ஆரஞ்சு நிற இயர்பிளக். பிரஸ் ஓடும்போது காதை அடைத்துக்கொள்வதற்குக் கம்பெனி கொடுப்பது. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"நீ போட்டுக்கறதில்லையா?"

"போட்டுக்கிட்டா பிரஸ்ஸு பேசறது கேக்காதுடி. தகடு உள்ள ஒட்டிக்கிச்சின்னா சத்தம் மாறும். அது தெரியாம அடுத்த அடி அடிச்சா அச்சு போயிடும், இல்லன்னா வெரலு போயிடும்."

"அப்புறம் எதுக்குக் குடுக்கறாங்க?"

"ஆடிட்டுக்கு. அன்னிக்கி மட்டும் எல்லாரும் காதுல கேரட்டு வெச்சிக்கிட்டு நிப்போம். பாத்தா சிரிப்பா வரும்."

நானும் சிரித்தேன். எட்டு இயர்பிளக்குகளை பிளேடால் வில்லை வில்லையாகச் சீவி, கிண்ணத்தின் உட்புறம் வரிசையாக ஒட்டினேன். நன்றாக வேலை செய்தது. பாடுகிறவர் குடத்தை விட்டு வெளியே வந்துவிட்டார் என்றாள் அக்கா. அவள் காதுக்கென்று கொடுத்த நுரை அது. மிச்சப் பொருளைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்தியதாகத்தான் எனக்கு அன்றைக்குப் பட்டது.

இதற்கு மூன்று மாதம் கழித்துச் சலங்கை ஆரம்பித்தது. அக்கா தினமும் கேட்கும் ஒரு பாட்டில், இரண்டாவது சரணம் முடிந்ததும் ஒரே ஒரு தடவை சலங்கைக் கொத்து குலுங்கும். அது போய்விட்டது என்றாள்.

"இந்த ஹெட்போன் சலங்கையத் தின்னுடுதுடி."

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பாகத்தின் அளவு தப்பாக வந்தால் பாகத்தைக் குறை சொல்வதற்கு முன் அளக்கிற கேஜைச் சந்தேகப்பட வேண்டும். சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அளவு நன்றாகத் தெரிந்த மாஸ்டர் துண்டு ஒன்று பெட்டியில் இருக்கும். அதைக் கேஜில் வைத்துப் பார்த்து, கேஜ் சரி என்று உறுதியான பிறகுதான் பாகத்தின் மேல் கை வைப்போம். வீட்டில் நான் அதில் பாதியைச் செய்தேன். ஹெட்போனைச் சந்தேகப்பட்டேன். மாஸ்டர் துண்டை வைத்துப் பார்க்கவில்லை. என் காது வீட்டிலேயேதான் இருந்தது. போட்டுப் பார்க்கட்டுமா என்று ஒரு தடவை கேட்டதற்கு, "நீ எதுக்கு? நாந்தான கஸ்டமரு. நாஞ் சொல்றதச் செய்" என்றாள். கஸ்டமர் சொன்னால் செய்துவிடுவது இன்னொரு பழக்கம்.

அதனால் நுரை வட்டத்தை எடுத்தேன். பிறகு துணியை எடுத்தேன். இவை இரண்டும் கூர்மையான சத்தத்தை மட்டுப்படுத்துவதற்காக வைக்கப்பட்டவை. ஒவ்வொரு தடவையும் அக்கா ஒரு வாரம் திருப்தியாக இருப்பாள். அப்புறம் சலங்கை மறுபடி காணாமல் போகும்.

வேறு அடையாளங்களும் இருந்தன. அவற்றுக்கும் நான் வேறு காரணம் வைத்திருந்தேன். நான் முணுமுணுக்கிறேன் என்று அக்கா சொல்வாள். "ஏசி ரூம்புல உக்காந்து உக்காந்து உங் கொரலு செத்துப்போச்சி. வாயத் தொறந்து பேசு." நான் சத்தமாகப் பேசப் பழகிக்கொண்டேன். ஒருநாள் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தபோது, மோட்டாரை நிறுத்தச் சொல்லி வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து கத்தியிருக்கிறார். அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டு நிமிராமல் இருந்திருக்கிறாள். நான் வந்ததும் அந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, கூப்ட்டு கூப்ட்டு தொண்ட காஞ்சிபோச்சி. உங்கக்காவுக்கு எம்மாங் கொழுப்பு!"

உள்ளே வந்ததும் அக்கா சொன்னாள். "அது அரத் தெலுங்கு அரத் தமிழுல கூப்பிடும். எவளுக்குப் புரியுது?"

இந்த ஊரில் அது ஒரு நல்ல காரணம். தளி பஸ்ஸில் கண்டக்டர் கன்னடத்தில் கேட்பார், மளிகைக் கடையில் தெலுங்கில் பதில் வரும், லைன் சூப்பர்வைசர் பாதி ஆங்கிலத்தில் திட்டுவார். யாரும் யாரையும் ஒரு தடவையில் புரிந்துகொள்வதில்லை. "ஏனு?", "ஏமி?", "என்னாது?" என்று எல்லாரும் நாள் முழுக்கத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் அக்காவின் "என்னாது?" எண்ணிக்கை கூடியதை நான் கவனிக்கவில்லை.

ஐந்தாம் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயாமல் அறைக்குள் கொடி கட்டியிருந்தோம். ஈரத்துணிகளுக்குக் கீழே உட்கார்ந்து, பிரிப்பதற்கு இனி உள்ளே ஒன்றுமில்லையே என்ற யோசனையில் ஹெட்போனை என் தலையில் மாட்டினேன். அக்கா வைத்திருந்த சத்த அளவிலேயே பாட்டை ஓடவிட்டேன். சரணம் முடிந்தது. சலங்கை வந்தது. கழற்றி எறிந்துவிட்டேன்.

"என்னாச்சி?"

ஒன்றுமில்லை என்றேன். அவளுக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை.

என் கம்பெனியில் வேலைக்குச் சேரும்போது செவித்திறன் பரிசோதனை செய்தார்கள். ஒவ்வொரு சுருதிக்கும் மூன்று பீப். கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். அதே வரிசையை நினைவுபடுத்தி, போனில் ஒரு செயலியை இறக்கி, ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொண்டேன். வலது காது, இடது காது. எந்தச் சுருதி எத்தனையாவது, நடுவில் எத்தனை விநாடி இடைவெளி, எல்லாம் எழுதினேன். அக்காவைக் கண்ணை மூடச் சொல்லி, கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னேன்.

கனமான சத்தங்களுக்கு விரல் உடனே எழுந்தது. ஏற ஏறத் தாமதித்தது. நாலாயிரம் ஹெர்ட்ஸ் சுருதியில் வலது காதுக்குச் சத்தத்தை மிகவும் கூட்ட வேண்டியிருந்தது. இடது காதுக்கு முழுவதும் கூட்டினேன். ஹெட்போனுக்கு வெளியே, ஓர் அடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே பீப் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

அக்கா கண்ணைத் திறந்தாள். "அடுத்தத எப்ப ஆரம்பிப்ப?" என்றாள்.

போனில் செய்வது ஆஸ்பத்திரிப் பரிசோதனை ஆகாது என்று எனக்குத் தெரியும். அதையும் தாளின் அடியில் குறிப்பாக எழுதினேன். பிறகு தாளை அவளிடம் காட்டி, கட்டம் கட்டமாக விளக்கினேன்.

"அப்ப ஹெட்போன் நல்லாத்தான் இருக்குதா?"

"நல்லாத்தான் இருக்குது."

"சலங்க வருதா அதுல?"

"வருது."

தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதோ இருக்கும் என்பது போல. "அடுத்த வாரம் வேன் வருதுடி" என்றாள்.

வருடத்துக்கு ஒரு முறை அவர்கள் கம்பெனி வாசலில் ஒரு வேன் வந்து நிற்கும். உள்ளே காதுப் பரிசோதனை, எனக்குச் செய்த அதே வரிசையில். காது கெட்டவர்களைப் பிரஸ்ஸில் நிறுத்தக்கூடாது. நிரந்தரத் தொழிலாளி என்றால் வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள். ஒப்பந்தத்தில் இருப்பவர்களிடம், வீட்டில் இரு, கூப்பிடுகிறோம் என்பார்கள். போன வருடம் அக்காவின் பக்கத்துப் பிரஸ்ஸில் நின்ற பெண்ணுக்கு அப்படித்தான் சொன்னார்கள். இன்னும் கூப்பிடவில்லை.

முதலில் டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"போனா காத திருப்பிக் குடுப்பாரா?"

நான் அதைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். "எரைச்சல்ல போனது திரும்பாது. மிச்சத்தக் காப்பாத்தலாம்."

"பிரஸ்ஸு ஓட்டாம இருந்தா தான அது? வேலயும் போயி காதும் போயி நா என்னாத்துக்குடி இங்க இருக்கறது? வேலையாச்சும் இருக்கட்டும்."

எழுந்து பாத்திரம் கழுவப் போனேன். தண்ணீரை நிறுத்தியபோது அறையிலிருந்து போன் கேமராவின் க்ளிக் கேட்டது. மெல்லிய, கூரான சத்தம். சிறிது நேரம் கழித்து இன்னொன்று. அக்கா என் தாளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். போன் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்தது அவளுக்குத் தெரியாது. எனக்கு முதுகைக் காட்டி, ரகசியமாகச் செய்வதாக நினைத்து நின்றிருந்தாள். நான் குழாயை மறுபடி திறந்துவிட்டேன்.

வேன் வந்த அன்று சாயங்காலம் கையில் மிக்சர் பொட்டலத்தோடு வந்தாள். "நார்மலு" என்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று காட்டினாள். விரலை மூன்று தடவை மடக்கினாள், கொஞ்சம் நிறுத்தினாள், மறுபடி மூன்று. "நீ எழுதினாப்புல அப்பிடியே வந்துச்சிடி. டெஸ்ட் பண்ற ஆளு வெளிய எத்தன பேரு நிக்கறாங்கன்னு எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே போடறான். எண்ணி எண்ணி அமுக்கிட்டேன். பாதி எனக்குக் கேக்கவேயில்ல." சிரித்தாள். நான் மிக்சரைத் தட்டில் கொட்டினேன். அளக்காமல் ரிப்போர்ட் எழுதினால் எங்கள் ஆய்வகத்தில் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அந்த வாரம் ஹெட்போனை ஐந்தாம் முறையாகப் பிரித்தேன். உரித்த துணியை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அதைத் திரும்ப ஒட்டினேன், நுரை வட்டத்தையும் வைத்தேன். போனில் சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாதபடி பூட்டினேன். அக்கா மாட்டிப் பார்த்து, "போர்வையப் போத்திக்கிட்டுப் பாடறாப்புல இருக்குது" என்றாள். கழற்றவில்லை. உள்சுவரில் ஒட்டிய இயர்பிளக் வில்லைகளை எடுக்கலாமா என்று பார்த்தேன். சீவியது சீவியதுதான், காதுக்கு ஆகாது. விட்டுவிட்டேன்.

நான் கெஞ்சியதால் இப்போது வேலையில் ஒரு காதில் இயர்பிளக் போடுகிறாள். இடது காதில். வலது காது பிரஸ்ஸைக் கேட்க வேண்டுமாம்.

இன்றைய நிலை இதுதான். அக்கா பிரஸ்ஸில் இருக்கிறாள். கம்பெனிக் கோப்பில் அவள் காது நார்மல். டாக்டரிடம் இன்னும் போகவில்லை. அடுத்த வருடமும் வேன் வரும். என் தாளின் படம் அவள் போனில் இருக்கிறது. அதை அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.