எண்ணெய் படாத கை

களம்பூருக்கு ரயில் வந்த புதிது. எனக்கு ஏழு வயது. ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு பட்டுத் தறிகள் ஓடின. அப்பாவின் தங்கை, புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள், எங்களோடு இருந்தாள். கல்யாண வீட்டு வாசலில்கூட அவளை நிற்கவிட மாட்டார்கள். ஆனால் கல்யாணப் புடவைக்குப் பாவு பிணைக்க அவள் விரல்தான் வேண்டும். தோஷம் பட்டில் மட்டும் ஒட்டாது போலிருக்கிறது.

பாவு பிணைப்பதென்றால், தறியில் தீர்ந்துபோன பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்டு முறுக்குவது. ஆயிரக்கணக்கான இழைகள். அத்தை உட்கார்ந்தால் இரண்டே நாளில் முடித்துவிடுவாள். அந்த வேலை இருந்தவரை அவள் பாத்திரம் தேய்க்க வேண்டியதில்லை. அம்மா முணுமுணுத்துக்கொண்டே தானே தேய்ப்பாள்.

மார்கழி பிறந்தால் வந்தது வினை. பனியும் சாம்பலும் சேர்ந்து அத்தையின் விரல்நுனிகள் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் இழை சிக்கி அறுந்துபோகும். எண்ணெய் பூசினால் ஆறிவிடும். ஆனால் பட்டைத் தொடுகிற கை எண்ணெயைத் தொடக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஆக, வெடித்தாலும் குற்றம், பூசினாலும் குற்றம்.

அத்தை பூசினாள். ஜவ்வாது மலைக்காரியிடம் வாங்கிய தேன்மெழுகை விளக்கெண்ணெயில் உருக்கி, பொழுது சாய்ந்ததும் ஒருவருக்கும் தெரியாமல் தடவிப் பழந்துணியால் கட்டிக்கொள்வாள். விடிந்ததும் பயத்தமாவு போட்டு மூன்று தரம் கழுவுவாள். பிறகு என் கன்னத்தில் விரலை வைத்து, "பிசுக்கு இருக்குதா, சொல்லு" என்பாள். நான் நீதிபதி மாதிரி யோசித்து, "இல்ல அத்தே" என்பேன். அந்த உத்தியோகத்தில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

தை முகூர்த்தத்துப் புடவைக்கான பாவில் ஒருநாள் நாலு விரற்கடை அகலத்துக்கு எண்ணெய்க் கறை தெரிந்தது. அப்பா வீடு அதிரக் கத்தினார்.

"எவ கையில எண்ணெ இருந்திச்சி?"

அத்தைக்காக நான் பேசினேன்.

"அத்தே கையில இல்லப்பா. ராவுல பூசிகினா கூட காலையில நல்லா கழுவிடுது. நான்தான் தெனம் பாக்கறேனே!"

அப்பா அத்தையின் பக்கம் திரும்பினார். "அப்ப பூசிகினுதான் இருந்தியா?"

"கழுவிட்டுதாண்ணா தொட்டேன்" என்றாள். அதை யார் கேட்டார்கள்?

கறை விழுந்த இடம் பாவு சுற்றும் உருளையை ஒட்டி இருந்தது. உருளை சிக்காமல் ஓட எண்ணெய் விடுவது அப்பா. அந்தக் கை அன்று ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. எனக்கே வர இருபது வருஷம் ஆயிற்று.

மறுநாள் பாவு பிணைக்க வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். அத்தைக்குக் கிணற்றடி. அம்மா பரணில் கிடந்த பித்தளைப் பாத்திரங்களைக்கூட இறக்கிப் போட்டாள். அதற்குப் பிறகு அத்தையைத் தறிப் பக்கம் யாரும் கூப்பிடவே இல்லை.

வீட்டில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான். இனி ஒளிந்து பூச வேண்டாம், குளிரில் மூன்று தரம் கழுவ வேண்டாம். விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன்.

"இனிமே எவ்ளோ வேணா பூசிக்கலாம் அத்தே! ஒருத்தரும் கேக்கமாட்டாங்க!"

அவள் புளியும் சாம்பலும் அப்பிய கையை நீட்டினாள். நான் வழிய வழியத் தடவினேன். அவள் அழ ஆரம்பித்தாள். வெடிப்பு எரிகிறதாக்கும் என்று, நான் குனிந்து ஊதிவிட்டுக்கொண்டிருந்தேன்.