லேசாகிப் போன மூட்டை அக்கா

எங்கள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எந்நேரமும் நீராவி மிதக்கும். அதற்குள் வெள்ளை விரிப்புகளை அள்ளிக்கொண்டு அவள் வருவதைத் தூரத்திலிருந்து பார்த்தால், மேகத்துக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். நாங்கள் வைத்த பெயர் மூட்டை அக்கா. துணி மூட்டை தூக்குவதால் பாதி, ஆளே அப்படி இருந்ததால் பாதி. கோபித்துக்கொள்ள மாட்டாள், எங்களுக்கு அது சௌகரியமாகப் போயிற்று.

வீட்டிலும் தூக்குகிற வேலைதான். பக்கவாதத்தில் விழுந்த கணவரைக் காலையில் கட்டிலிலிருந்து தூக்கி ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைப்பாள். வேறு யார் கை பட்டாலும் அந்த மனிதர் கூசிப்போவார். அந்த ஜன்னல்தான் அவருக்கு உலகம்.

கல்லீரலில் கொழுப்பு, எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அவள் கேட்டது ஒன்றுதான்: "நான் படுத்துட்டா இவரை யாரு தூக்குவா?" அன்றோடு வாயைக் கட்டினாள். வெந்நீர், வெள்ளரிக்காய், மாலையில் ஓட்டமும் நடையுமாக ஒரு சுற்று.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் துணி எடை போடும் மேடையில் ஆளாளுக்கு ஏறி நிற்போம். துணி காயக் காய லேசாகும், லேசானால் நல்லது. உடம்பையும் அப்படியே நினைத்துவிட்டோம். முள் இறங்க இறங்கக் கைதட்டினோம். "பசி ஒரு மாதிரி சுகமா இருக்குடி. கால் தரையில படுறதே தெரியல" என்று கண் செருகச் சொல்வாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அவள் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது. ஒரு காலையில் அங்கிருந்து கூப்பிட்டாள். ஓடினேன். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே இருவரும் தரையில் கிடந்தார்கள். அடி எதுவும் இல்லை. அவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். அவள் தன் கைகளை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வார்டில் பயிற்சி கொடுக்கும் பிசியோ பெண்ணிடம் அவளை இழுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் புஜத்தை அழுத்திப் பார்த்தாள். "பட்டினி கிடந்தா கொழுப்போட சதையும் சேர்ந்து கரையும்கா. எது கரைஞ்சதுன்னு முள்ளு சொல்லாது. கொஞ்சம் குறைச்சுச் சாப்பிடுங்க, ஆனா முட்டை, பருப்பு, மீனை விடாதீங்க. நடை மட்டும் போதாது, கனமும் தூக்கணும்."

"நாள் பூரா தூக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"தூக்குறீங்க. சாப்பிடலையே."

அதன்பின் மூட்டை அக்கா முட்டையும் கையுமாகத் திரிந்தாள். ஈரத் துணியை நெஞ்சோடு அணைத்து, நீராவிக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். எடை முள் இறங்காமல் அடம்பிடித்தது. ஆனால் சட்டை இடுப்பில் தொளதொளத்தது, தோள் இறுகியது. விழுந்த நாளிலிருந்து, காலையில் அவரைத் தூக்க நான்தான் ஒரு பக்கம் பிடித்தேன். அவர் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒருநாள், "தள்ளி நில்லுடி" என்றாள். ஒரே தூக்கு. பஞ்சு மாதிரி எழும்பினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளோ அவரை ஏந்தியபடியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இவ்வளவு லேசா இருக்கீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நாம ரெண்டு பேரும் விழுந்த அன்னைக்கிலேர்ந்து மத்தியானச் சாப்பாட்டை வெளியே பூனைக்குப் போட்டுடுறேன். நான் குறைஞ்சா உனக்குச் சுலபமா இருக்கும்ல."

எங்கள் வீட்டுப் பூனை ஏன் அப்படி உருண்டு திரண்டது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இறக்கிவைக்காமலே சொன்னாள்: "நீங்க கனமாவே இருங்க. நான் தூக்கிக்கிறேன்."