விட்டுப்போன 'ங்க'

மூச்சுத் திணறல் நோயாளிகளின் அன்றாட வாழ்க்கை பற்றிய கேள்வித்தாள் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்திருந்தேன். கேள்விகள் புரிகின்றனவா என்று பார்க்க, சிங்காநல்லூரில் ஒரு மருத்துவமனையில் சிலரிடம் படித்துக் காட்டினேன். அவர்களில் ஒருவர் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். சலவைச் சட்டைக்குள் தோளெலும்பு ஏறி ஏறி இறங்கும். பதில் சொல்லுமுன் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்.

"கேளு," என்றார். பிறகு, "அடுத்தது சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்றுதான் கூப்பிடுவோம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்தேன்: "இந்த நோயால் உங்களால் செய்ய முடியாமல் போனது எது?"

நடப்பது, குளிப்பது, படியேறுவது என்று கட்டங்கள் இருந்தன. அவர் எதையும் தொடவில்லை.

"ங்க," என்றார்.

அது எந்தக் கட்டத்தில் வரும் என்று தாளில் தேடினேன்.

"ங்க போட... மூச்சு பத்தல அம்மணி. மாப்பிள்ளைய... வான்னு சொல்லிப்போட்டேன். கோவிச்சுட்டாரு. மகளயும்... அனுப்பறதில்ல."

அத்தனை கேள்விகளை மொழிபெயர்த்த எனக்கு, எதிரில் இருந்தவரின் மூச்சு காதில் விழவில்லை.

கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். என்னைப் பார்த்து, "வாரேனுங்க," என்றார். முழுசாகச் சொன்னார். அப்புறம் வெளியே பெஞ்சில் சரிந்து, வாயைத் திறந்தபடி காற்றுக்குத் தவித்தார்.

அதை ஏன் எனக்குச் சொன்னார்? அந்த ஒரு மூச்சை மாப்பிள்ளைக்கு வைத்திருக்கலாமே.