மீன் குடலைக் கிளறிய பத்திரிகைக்காரர்

விமானங்களின் பாதுகாப்பைப் பற்றி எழுதுவதே தன் தொழில் என்று சொன்ன ஒருவரை, வாவிக்கரையில் நாங்கள் மீன் வெட்டும் இடத்தில் ஒருமுறை கண்டேன். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, கழுத்தில் பெரிய கமரா. அப்படிப்பட்ட மனிதர் குந்தியிருந்து, நாங்கள் கொட்டிய குடல் குவியலைத் தடியால் கிளறினார். இடைக்கிடை வானத்தைப் பார்த்துப் பருந்துகளை எண்ணிக் கொப்பியில் குறித்தார்.

“என்ன ஐயா இது, சீ! விடுங்க. மத்தியானத்துக்குள்ள பருந்தெல்லாம் திண்டு துடைச்சிரும். எங்கட கரையப்போல துப்புரவான கரை எங்க இருக்கு?” என்றேன்.

அவர் வேலிக்கு அப்பால் தெரிந்த விமான ஓடுபாதையைக் காட்டினார். “அதுதான் அம்மா பயம். ஒரு பருந்து எஞ்சினுக்குள்ள போனா, உள்ள இருக்கிற சனமெல்லாம் வாவிக்குள்ளதான்.”

கலியாணம் கட்டிய நாள் முதல் அங்கேதான் கொட்டி வந்தேன்.

“அப்ப கெதியாப் பேப்பரில போடுங்களன்!”

“போன வருஷமும் எழுதிக் குடுத்தன். பிளேன் விழுந்த பிறகு கொண்டுவா, முன்பக்கத்தில போடுவம் எண்டு ஆசிரியர் சொல்லிட்டார்.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மறுநாள் முதல் நான் குடலைக் குழி தோண்டிப் புதைக்கிறேன். “மாமிக்கு ஏர்போட்டில வேலை கிடைச்சிட்டு” என்று மற்றப் பெண்கள் நக்கலடிக்கிறார்கள். அடிக்கட்டும். சனம் சாகும்வரை காத்திருக்கும் அந்த ஆசிரியரிடமே இந்த மனிதர் எப்படித்தான் திரும்பத் திரும்பப் போகிறாரோ, எனக்கு விளங்கவில்லை. நானென்றால் அந்தக் குடலை ஒரு வாளி அள்ளிப்போய் அவன் மேசையில் கொட்டியிருப்பேன்.