கும்பிடுகிறவர் எங்கே பார்க்கிறார்?

மாதாவின் படத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லிவிட்டார் கூரியர். மறுநாள் கண்காட்சித் திறப்பு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

பேர்லின் அருங்காட்சியகம் ஒன்றில் படம் மாட்டும் குழுவுக்கு நான் பொறுப்பு. எங்கள் தொழிலில் கூரியர் என்றால், இரவல் படத்தோடு கூடவே வந்து அதன் பாதுகாப்பைப் பார்க்கிறவர். அவர் ‘நைன்’, முடியாது, என்றால் கதை முடிந்தது.

மறுமலர்ச்சிக் கால வணிகர் ஒருவர் கைகூப்பியிருக்கும் உருவப்படம் எங்களுடையது. அவர் கும்பிட்ட மாதா வேறோர் ஊர் அருங்காட்சியகத்தில். பிணைச்சல், அதாவது கீல், போட்டுப் புத்தகம்போல் மூடித் திறந்த சோடிப் பலகை ஓவியங்களை யாரோ பிரித்து விற்றிருக்கிறார்கள். பாவம் மனிதர், அன்றிலிருந்து வெறுஞ்சுவரைத்தான் கும்பிடுகிறார்.

இரண்டையும் சேர்க்க அலைந்து திரிந்தவர் கண்காட்சிப் பொறுப்பாளர் நிரோஜா, இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. சுவரில் தட்டையாக மாட்டிப் பார்த்தபோது வணிகரின் பார்வை மாதாவைத் தொடாமல் போனது.

“அரைவாசி திறந்த புத்தகம் மாதிரி வைக்கவேணும் அண்ணை. அப்பதான் அவர் அவவைப் பாப்பார்.”

கூரியர் மறுத்துத் தலையாட்டினார். “சுவரோடு படியாத படத்துக்கு நான் சம்மதிக்கமாட்டேன். யாராவது இடித்தால்?”

கேள்வி நியாயம்தான். நிரோஜாவின் கண் கலங்கிவிட்டது. “ஏலாதெண்டா விடுங்கோ அண்ணை.”

“விசர்க்கதை கதையாதையும். கும்பிடுற ஆளைச் சுவருக்குத் திருப்பி விடுறதோ? கோயிலிலை மயில் எப்பவும் முருகனைப் பாத்தபடிதானே நிக்குது.”

வேலைத்தளத்தில் இரும்புத் தகடு மடித்து, ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனித் தாங்கி செய்து, சுவருக்குள் போல்ட் இறக்கினோம். முதலில் அதே பாரமுள்ள வெறும் பலகைகளைப் பூட்டினேன். “இப்ப இடிச்சுப் பாருங்கோ,” என்றேன் கூரியரிடம்.

மனிதர் தோளால் ஓங்கி இடித்தார். பலகை அசையவில்லை. தோளைத் தடவிக்கொண்டே ‘கூட்’, நல்லது, என்றார்.

படங்களை ஏற்றினோம். வணிகர் மாதாவைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் கூப்பிய கைகளுக்கே ஒரு பொருள் வந்தது. “அண்ணை, அவர் அவவைப் பாக்கிறார்!” என்றார் நிரோஜா. இத்தனை வருட வேலையில் அவ்வளவு பெருமை நான் பட்டதில்லை.

திறப்பன்று கூரியர் என்னைத் தேடி வந்தார். “அடுத்த தடவை எங்களிடத்தில் இரண்டையும் இப்படியே வைக்கலாமா? உங்கள் வணிகரை இரவல் தருவீர்களா?”

“தருவம். ஆனால் கூரியரா நான்தான் வருவன். நானும் இடிச்சுப் பாப்பன்.”

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சுவரை அளக்குமுன், படத்திலிருப்பவர் யாரைப் பார்க்கிறார் என்று பாருங்கள். மாட்டுவது அவருக்காகவும்தான்.